சவக்காலை வாசலில் எந்தச் சபை?

ஒவ்வொரு வருடமும் ஜனவரி 18 தொடக்கம் 25 வரை உலகின் பல நாடுகளில் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம் நடக்கிறது. 1908இல் தொடங்கிய வழக்கம் இது. அந்த வாரத்தில் ஒரு நாள் பாதர் மற்றச் சபைக்குப் போவார், போதகர் கோயிலுக்கு வருவார், இரண்டு பாடகர் குழுவும் சேர்ந்து பாடும், முடிய எல்லாருக்கும் கேக்கும் தேத்தண்ணியும். 26ஆம் திகதி விடிய அவரவர் தங்கட வாசலுக்குத் திரும்பிவிடுவார்கள். நாங்கள் கதைக்க வந்தது மிச்சம் இருக்கிற 357 நாட்களைப் பற்றி.

திருகோணமலை நகரத்தில இருந்து நிலாவெளி றோட்டால வடக்கே போனால் உப்புவெளி கழிய வருவது சாம்பல்தீவு. இந்தக் கரையோரம் பெரும்பாலும் சைவத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடம். அவர்களுக்கு நடுவில் கொஞ்சக் கிறிஸ்தவர்கள். அந்தக் கொஞ்சத்துக்குள்ளும் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே, எந்தப் பெரிய சபையோடும் சேராத வீட்டுச் செபக்கூட்டங்கள் எண்டு பல பிரிவு. ஒரே வீட்டில் அம்மா பூசைக்குப் போவா, மகள் செபக்கூட்டத்துக்குப் போவா, மருமகன் நத்தாருக்கு மட்டும் மெதடிஸ்த ஆராதனைக்குப் போவார். வெளியில் இருந்து பார்க்கிற ஆக்களுக்கு எங்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: வேதக்காரர். உள்ளுக்குள்ளே நாங்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் வைத்திருக்கிற பெயர்களோ வேறு. சிலைக்காரர், அல்லேலூயாக்காரர், பேருக்குக் கிறிஸ்தவர்.

எங்கட வட்டத்தில் ஒரு தோழியின் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அவளுடைய அம்மம்மா கத்தோலிக்கர். கடைசி நாலைந்து வருடம் சின்னவனோடு இருந்தவ. அவர் போகிற செபக்கூட்டத்துக்குத் தானும் போய்வந்தவ. செத்தபோது பெரியவர் "அம்மா கோயில் ஆள், கோயில் முறைப்படிதான் அடக்கம்" எண்டு நின்றார். சின்னவர் "அம்மா இரட்சிக்கப்பட்டவ, செபமாலை சொல்ல விடமாட்டன்" எண்டு நின்றார். உடல் ஒரு நாள் கூடுதலாக வீட்டில் கிடந்தது. கடைசியில் பெரியவர் சொன்னபடி கோயில் சவக்காலையில் அடக்கம் நடந்தது. சின்னவருடைய பாஸ்டர் படலைக்கு வெளியே நின்று செபித்துவிட்டுப் போனார். அந்த இரண்டு நாளும் பந்தல் போட்டது, கதிரை பிடித்தது, வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றியது எல்லாம் பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பம். அந்த வீட்டு ஐயா கேட்ட கேள்வி இண்டைக்கும் காதில் இருக்கிறது: "நீங்கள் எல்லாரும் வேதக்காரர் தானே பிள்ளை, பிறகென்ன?"

பிறகென்ன? நேர்மையாக யோசிக்க வேண்டிய கேள்வி இது.

எங்களுக்குள் இருக்கிற சண்டை கொள்கைச் சண்டை எண்டுதான் வழமையாகச் சொல்லித் தருவார்கள். லூத்தர் காலத்துப் பிரிவு, ஐந்நூறு வருடப் பழசு, நாங்கள் என்ன செய்ய முடியும் எண்டு. ஆனால் அந்தப் பிரிவின் நடுவில் இருந்த கேள்விக்கு என்ன நடந்தது எண்டு யாரும் சொல்வதில்லை. கடவுள் மனிதரை ஏற்றுக்கொள்வது அவருடைய அருளாலா, மனிதரின் நற்செயலாலா எண்டதுதான் அந்தக் கேள்வி. 1999 அக்டோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் இதைப் பற்றி ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. அடிப்படையில் ஒரே விசுவாசம்தான், மிச்சம் இருக்கிற வேறுபாடுகளுக்காக ஒருவரை ஒருவர் சபிக்கத் தேவையில்லை எண்டது அதன் சாரம். 2006இல் உலக மெதடிஸ்த பேரவையும் அதில் சேர்ந்துகொண்டது. அதாவது திருகோணமலையில் ஒரு கத்தோலிக்கரும் ஒரு மெதடிஸ்தரும் இந்த விடயத்தில் சண்டை பிடிப்பதற்குக் காகிதத்தில் காரணமே இல்லை. இதை எந்தக் கோயிலிலாவது எந்தச் சபையிலாவது ஞாயிறு அறிவித்தலில் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

மொழியிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் கத்தோலிக்கத் தமிழர் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் எண்டார்கள். புரட்டஸ்தாந்து தமிழர் பேதுரு, பவுல், யோவான் எண்டார்கள். ஒரே மூன்று மனிதர்தான். 1995இல் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து செய்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் கத்தோலிக்கர் தங்களுடைய பழைய பெயர்களை விட்டுக்கொடுத்தார்கள். இண்டைக்குக் கத்தோலிக்கப் பூசைகளில் வாசிக்கப்படுவது அந்த விவிலியம்தான். மற்றச் சபைகளில் பெரும்பாலும் பழைய பரிசுத்த வேதாகமமே தொடர்கிறது. 'பொது' எண்டு பெயர் வைத்த புத்தகம் கடைசியில் ஒரு தரப்பின் புத்தகமாகிவிட்டது. ஒரே கதையை நாங்கள் இன்னமும் இரண்டு சொற்களில் படிக்கிறோம்: ஒரு பக்கம் செபம், மற்றப் பக்கம் ஜெபம்.

சபைகளை ஒன்றாக்கும் முயற்சியும் நடக்காமல் இல்லை. 1947 செப்டெம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபைகள் அதன் ஓர் ஆதீனமாகச் சேர்ந்தன. சபாபதி குலேந்திரன் அதன் முதல் பேராயர். கிழக்கின் மெதடிஸ்த சபைகள் அதில் இல்லை. இலங்கைக்கெண்டு தனியாக ஓர் ஐக்கிய சபை அமைக்க அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற் சபைகளும் யாழ். ஆதீனமும் மற்றவர்களும் பல வருடம் பேசினார்கள். 1972இல் தொடக்க நாளும் குறித்தாயிற்று. சிலர் நீதிமன்றம் போனார்கள், நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்த மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ் இந்த ஒன்றிப்புக்காக உழைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். 1948இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது பேச அழைக்கப்பட்டவர். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு, அவர் பேச இருந்த உப்சாலா பேரவையின் ஆரம்பப் பிரசங்கத்தைச் செய்தவரும் அவர்தான். உலக சபைகளை ஒரே மேடையில் ஏற்றியவர்களில் ஒருவர் எங்கட ஆள். ஆனால் அவருடைய நாட்டில் அந்த ஐக்கிய சபை வரவில்லை.

இதையெல்லாம் சொல்வது "ஐயோ எல்லாம் தோல்வி" எண்டு புலம்புவதற்கில்லை. ஒற்றுமையை எங்கே தேடுவது எண்டதுதான் எங்கட பிரச்சினை. மேலே பிரகடனங்கள் வந்துவிட்டன. கீழே, சாம்பல்தீவில் ஒரு செத்தவீட்டில், அவை எதுவும் வந்து சேரவில்லை. ஏனெண்டால் ஊரில் நடக்கிற சண்டை அருளைப் பற்றியது இல்லை. ஆள் எண்ணிக்கையைப் பற்றியது, காணியைப் பற்றியது, கலியாணத்தைப் பற்றியது, யாருடைய பிள்ளை யாருடைய கணக்கில் எண்டதைப் பற்றியது. சில இடங்களில் சாதியும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

செபக்கூட்டங்களுக்குச் சனம் ஏன் போகிறது எண்டு கேட்டால் "காசு குடுக்கிறாங்கள்" எண்ட பதில் சுலபமாக வரும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்துக்கு உதவியோடு சேர்ந்து பலவிதமான சபைகளும் வந்தது உண்மை. ஆனால் காசுக்காகப் போனவர்கள் காசு நின்றதும் திரும்பியிருப்பார்கள். திரும்பாமல் இருக்கிற ஆக்களிடம் கேட்டுப் பாருங்கள். "இரவு ரெண்டு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது போன் எடுத்தேன், பாஸ்டர் வந்தார்" எண்டு ஒரு அம்மா சொல்லுவா. "அங்க என்ர பெயர் தெரியும்" எண்டு ஒரு பெடியன் சொல்லுவான். பெரிய சபைகளில் ஒரு குருவுக்கோ போதகருக்கோ பல ஊர்கள் பொறுப்பு. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆள் போனதுக்குக் கோபப்படுகிற சபை, அந்த ஆள் தனியாக இருந்தபோது எங்கே இருந்தது எண்ட கேள்வியையும் கேட்க வேண்டும்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. ஏற்கனவே கிறிஸ்தவராக இருக்கிற வீட்டுக்குப் போய் "நீங்கள் இன்னும் இரட்சிக்கப்படவில்லை" எண்டு சொல்லித் தொடங்குவது எந்த நற்செய்தி? அம்மா கையில் இருக்கிற செபமாலையைப் பேய்ப்பொருள் எண்டு மகளுக்குச் சொல்லிக் குடுத்தால், அந்த வீட்டில் அடுத்த நாள் காலைச் சாப்பாடு எப்படி நடக்கும்? குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்து விசுவாசித்துத் தண்ணீரில் மூழ்கினால்தான் செல்லும் எண்டது பெந்தெகொஸ்தே சபைகளின் நம்பிக்கை. அதை மாற்றச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. 1924இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பெந்தெகொஸ்தே சபை நூறு வருடம் கண்டுவிட்டது. அவர்களை "நேற்று வந்த கூட்டம்" எண்டு சொல்வதும் அறியாமைதான். நம்பிக்கையை வைத்திருங்கள். அதைக் குடும்பத்தை உடைக்கிற கோடாலியாகப் பிடிக்க வேண்டாம் எண்டுதான் கேட்கிறோம்.

"கொள்கை முக்கியமில்லையா? உண்மையை விட்டுக்குடுத்து ஒற்றுமையா?" எண்டு சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மரியாளிடம் மன்றாடுவது சரியா, பாப்பரசருக்கு அதிகாரம் உண்டா, அந்நிய பாஷை இண்டைக்கும் உண்டா எண்டவற்றில் உண்மையான வேறுபாடு இருக்கிறது. அதை மூடி மறைத்து எல்லாம் ஒன்றுதான் எண்டு சொல்வது பொய். நாங்கள் சபைகளைக் கலைத்து ஒன்றாக்கச் சொல்லவில்லை. 1972இல் பேராயர்களாலும் சட்டத்தரணிகளாலும் முடியாததை எங்களால் முடியாது. வேறுபட்டபடியே ஒருத்தருடைய சாவுக்கும் கலியாணத்துக்கும் ஆபத்துக்கும் மற்றவர் வந்து நிற்கலாம். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

ஆபத்து எண்டு சும்மா சொல்லவில்லை. 2001இல் ஒரு சிங்களக் கிறிஸ்தவ செப நிலையத்தைச் சட்டப்படி கூட்டிணைக்கிற சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் சவாலுக்குள்ளாகி, அரசியலமைப்புக்கு முரண் எண்டு தீர்ப்பாயிற்று. பொருளாதார உதவியும் மதம் பரப்புதலும் சேர்ந்து வருகிறது எண்டது முக்கிய காரணம். 2003 தொடக்கத்தில் இன்னொரு சுயாதீன ஊழியத்துக்கும் அதுவே நடந்தது. இதைப் பார்த்து "செபக்கூட்டக்காரருக்கு வேணும்" எண்டு நினைக்கக்கூடிய கத்தோலிக்கருக்கும் அதே வருடமே பதில் வந்தது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர், பள்ளிக்கூடங்களில் படிப்பித்த கத்தோலிக்கச் சகோதரிகள், தங்கள் சபையைக் கூட்டிணைக்கக் கொண்டுவந்த சட்டமூலத்தையும் உயர் நீதிமன்றம் அதே தர்க்கத்தால் தள்ளியது. அவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 2005இல் அந்தக் குழு, அவர்களுடைய மத சுதந்திரம் மீறப்பட்டது எண்டு சொன்னது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம், 2008இல் புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி வேண்டும் எண்டு மத விவகார அமைச்சு விட்ட சுற்றுநிருபம் எண்டு வரிசை தொடர்ந்தது. அந்தச் சுற்றுநிருபத்தைக் காட்டித்தான் பல இடங்களில் சின்னச் செபவீடுகளை மூடச் சொல்கிறார்கள். அடுத்த வீட்டுக் கூரையில் பிடிக்கிற நெருப்புக்கு எங்கட கூரை எந்தச் சபை எண்டு தெரியாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சியோன் தேவாலயம். இரண்டு கத்தோலிக்கக் கோயில், ஒரு சுயாதீன சபை. சியோனில் செத்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். குண்டு கொண்டு வந்தவர்கள் யார் இரட்சிக்கப்பட்டவர், யார் இல்லை எண்டு பிரித்துப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் கிழக்கில் சபை பார்க்காமல் சனம் அழுதது. ஆனால் பயத்தில் வந்த ஒற்றுமைக்குப் பயம் போகும்வரைதான் ஆயுள். அதற்கு ஓர் எதிரியும் தேவைப்படும். எங்கட மாவட்டத்தில் அந்த எதிரிக்குச் சுலபமாக ஒரு முகம் வரைந்துவிடலாம். முஸ்லிம் அயலவரையோ சைவ அயலவரையோ பார்த்துப் பயந்து கட்டுகிற மதிலுக்குக் கிறிஸ்தவ ஒன்றிப்பு எண்டு பெயர் வைக்க நாங்கள் தயாரில்லை. பந்தல் போட்ட அந்தச் சைவ ஐயாவை வெளியே விட்டுவிட்டு ஒரு ஒற்றுமை எங்களுக்கு எதற்கு?

பயமில்லாமலும் ஒன்றாக நின்ற ஆக்கள் எங்கட பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். மன்னாரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியான் 1985 ஜனவரியில் கொல்லப்பட்டார். இடையில் ஒரு மாதம்கூட இல்லை. இரண்டு பேரும் தங்கட சபைச் சனத்துக்காக மட்டும் குரல் குடுத்தவர்கள் இல்லை. அகப்பட்டுப்போன எந்தக் குடும்பத்துக்காகவும் நின்றவர்கள். அவர்களுக்கு நடுவில் கொள்கை வேறுபாடு இருந்திருக்கும்தான். ஒருத்தர் பூசை வைத்தார், மற்றவர் ஆராதனை நடத்தினார்.

அப்ப என்ன செய்யலாம்? எங்கட பக்கம் இருந்து மூன்று விடயம்.

முதலாவது சவக்காலை. காணி வைத்திருப்பது பழைய சபைகள்; சின்னச் சபைகளிடம் ஓரடி நிலமும் இல்லை. அதனால் முதலில் விட்டுக்குடுக்க வேண்டியது காணி உள்ளவர்கள்தான். யாரையும் உள்ளே அடக்கம் செய்யலாம், அவருடைய போதகரும் குழியடியில் நின்று செபிக்கலாம் எண்டு எழுத்தில் அறிவியுங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1183ஆம் பிரிவே, கத்தோலிக்கர் அல்லாத ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்கு, அவருடைய சொந்த ஊழியர் கிடைக்காத நிலையில், ஆயரின் தீர்மானப்படி கத்தோலிக்க அடக்க முறையையும் வழங்கலாம் எண்டு சொல்கிறது. ரோமாபுரிச் சட்டம் திறந்து வைத்திருக்கிற கதவை ஊரில் ஏன் சாத்துகிறோம்?

இரண்டாவது கலியாணமும் ஆள் மாறுதலும். ஒருவர் சபை மாறினால், புதிய சபையின் போதகர் பழைய குருவிடம் ஒருக்காப் போய் நேரே சொல்லட்டும். திருட்டாகக் கூட்டிப்போனது எண்ட கதை அதோடு முடியும். கலப்புக் கலியாணத்தில் பிள்ளைகள் யாருடைய கணக்கு எண்டு இரண்டு தரப்பும் மணமக்களை இழுப்பதற்கு முதல், இரண்டு ஊழியரும் அந்தச் சோடியோடு ஒரே மேசையில் இருந்து ஒருதரம் கதைக்கட்டும். முடிவு எடுக்கப்போவது அவர்கள்தான்.

மூன்றாவது துணைக்கு நிற்பது. ஒரு செபவீட்டுக்குப் பொலிஸோ பிரதேச செயலக அதிகாரியோ சுற்றுநிருபத்தோடு வந்தால், பாதரும் மெதடிஸ்த போதகரும் அங்கே போய் நிற்க வேண்டும். அந்தச் செபவீட்டின் பிரசங்கம் பிடிக்காவிட்டாலும் போய் நிற்க வேண்டும். அதேபோல, வேளாங்கண்ணி மாதா கொடியேற்றத்துக்கு யாராவது இடைஞ்சல் செய்தால், சிலை வணக்கத்தை ஏற்காத பாஸ்டரும் வந்து றோட்டில் நிற்க வேண்டும். யோவான் 17ஆம் அதிகாரத்தில் இயேசு தன் சீடர் ஒன்றாயிருக்க மன்றாடுகிறார். உலகம் பார்த்து நம்ப வேண்டும் எண்டதுதான் அவர் சொல்கிற காரணம். எங்கட ஊரில் 'உலகம்' எண்டால் அந்தப் பந்தல் போட்ட ஐயாதான். அவர் பார்க்கிறார்.

இதெல்லாம் பெரியவர்கள் செய்ய வேண்டியது, நாங்கள் இளையோர் என்ன செய்வது எண்டு கேட்டால், அதற்கும் ஒரு நாள் இருக்கிறது. நவம்பர் 2, கத்தோலிக்கர் இறந்தவர்களை நினைக்கும் நாள். அதற்கு முந்தின சனிக்கிழமை எல்லாச் சபைப் பெடியளும் பெட்டையளும் சேர்ந்து ஊர்ச் சவக்காலைகளைத் துப்பரவாக்குவோம். மண்வெட்டியும் கத்தியும் தண்ணீர்ப் போத்தலும் போதும். மேடை, ஒலிபெருக்கி, பனர் எதுவும் வேண்டாம். மெழுகுதிரி கொளுத்துகிற ஆள் கொளுத்தட்டும், கொளுத்தாத ஆள் புல்லுப் பிடுங்கட்டும். பெயர் அழிந்த கல்லறைகளின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். அந்தக் கொப்பியில் சபைக்கெண்டு ஒரு நிரல் போட வேண்டாம்.